மில்லிங் மெசினுக்கு பெலோஸ் கவர் செய்த அனுபவம்

எங்கட பட்டறை கிளிநொச்சியில, ஏ9 ரோட்டில இருந்து உள்ளுக்க போற கிரவல் ரோட்டுக் கரையில. சோளகம் தொடங்கினா காலமை துடைச்ச மேசையில மத்தியானம் விரலால பேர் எழுதலாம், அவ்வளவு செம்புழுதி. லேத்துக்கு அது பெரிய பிரச்சினையா தெரியேல்ல, ஆனா போன வருசம் ஒரு சின்ன மில்லிங் மெசின், சுழலுற கட்டரால இரும்பை செதுக்கிறது, பழசா வாங்கினன், லாண்ட்மாஸ்டர் எண்டுற ரெண்டு சில்லு உழவு மெசினின்ர சாமான், தண்ணிப்பம்ப் சாஃப்ட், கீவே எண்டுற சாவிக் காடி வெட்டுற வேலையள் அதிலதான். மூண்டு மாசத்தில மெசினின்ர மேசைக்குப் பின்பக்கம், மேசை சறுக்கிற பாதையில கையை வைச்சுப் பாத்தா மெல்லிசா கோடு கோடா கீறல். புழுதியும் இரும்புத் தூளும் எண்ணெயோட சேந்தா அது வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரித்தான் வேலை செய்யும், பாதையை கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுப் போடும். அதைப் பாத்த அண்டைக்கு எனக்கு சாப்பாடே இறங்கேல்ல.

அதுக்குத்தான் பெலோஸ் கவர், பாதையை மூடுற உறை, ஆர்மோனியத்தின்ர துருத்தி மாதிரி மடிஞ்சு விரியிறது. என்ர மெசினின்ர அளவுக்கு கிடைக்கேல்ல, நானே செய்ய வெளிக்கிட்டன்.

முதல்ல பழைய லொறி டியூபை வெட்டி சும்மா தொங்க விட்டன். எண்ணெய் பட்டுப் பட்டு ரெண்டு கிழமையில ஊதி, தொளதொளத்து, மேசைக்கு அடியில சிக்கத் தொடங்கீட்டுது. அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, அதைக் கழட்டி எறிஞ்சன்.

ரெண்டாவது தரம் ஓட்டோ சீட்டுக்கு குஷன் அடிக்கிற அண்ணையிட்ட போய் ரெக்சின் வாங்கினன். தைச்சுத் தரச் சொல்லிக் கேக்க, "தம்பி, ஊசி குத்தின ஓட்டையால எண்ணெய் உள்ள போகும், தைக்காதையும், ஒட்டும்" எண்டார். அது நல்ல புத்தி. ஆனா நான் ரெண்டு ரெக்சினுக்கு நடுவில மட்டை வைச்சு ஒட்டினன், அதில பிழைச்சுது. மேசை முழுக்க பின்னுக்குப் போனா மெசினின்ர தூணுக்கும் அதுக்கும் இடையில 45 மில்லிமீற்றர்தான் மிச்சம், என்ர ஒரு மடிப்பு மட்டும் கிட்டத்தட்ட 6 மில்லி தடிப்பு, எட்டு மடிப்புக்கு 48 மில்லி, பிறகு எங்க போய் மடியிறது? மேசை முட்டி நிண்டு ஒட்டு பிரிஞ்சுது, மட்டையும் எண்ணெயை உறிஞ்சி ஊறிப் போச்சு.

பிறகுதான் கொப்பி எடுத்து கணக்குப் போட்டன். செய்யப் போற ஆக்கள் இதை மட்டும் கவனமா பாருங்கோ, விரிஞ்ச நீளத்தை எல்லாரும் அளப்பினம், மூடின இடைவெளியைத்தான் முதல் அளக்க வேணும். எனக்கு மூட 45, மேசை ஓடுற தூரம் 130, அப்ப விரிய 175 மில்லி. துணிக்கு நடுவில விறைப்புக்கு வைக்கிற பட்டி ஒண்டு 16 மில்லி அகலம் எண்டா ரெண்டு பட்டி சேந்த ஒரு மடிப்பு 32, அதை முழுசா இழுத்து தட்டையாக்கக் கூடாது, இழுத்தா திரும்பி மடியாது, 24க்குள்ள நிப்பாட்ட வேணும். 175ஐ 24ஆல பிரிச்சா ஏழு சொச்சம், எட்டு மடிப்பு, 16 பட்டி.

துணிக்கு மெல்லிய மழைக்கோட்டுத் துணி ரெண்டு படை. நடுவில வைக்கிற பட்டிக்கு முதல்ல பைல் கவர் பிளாஸ்டிக்கை வெட்டினன், அதில கம் பிடிக்காது, உரிஞ்சு வந்திட்டுது. கடைசியில கைகுடுத்தது பழைய எக்ஸ்ரே படங்கள். மெல்லிசு, விறைப்பு, எண்ணெய்க்கு ஊறாது, ரெண்டு பக்கமும் சாண்ட் பேப்பர் போட்டா கம் நல்லா பிடிக்கும். எங்கட பக்கம் எக்ஸ்ரே இல்லாத வீடு இல்லைத்தானே. அம்மான்ர காலில குண்டுச் செல்லின்ர துண்டு தெரியிற படம் ஒண்டும் அந்தக் கட்டில கிடந்தது, அதை வெட்ட மனம் வரேல்ல, திருப்பி அலுமாரிக்குள்ள வைச்சிட்டன்.

கீழ்த்துணியில பேனையால கோடு போட்டு, பட்டிக்கும் பட்டிக்கும் நடுவில ஒண்டரை மில்லி இடைவெளி விட்டு ஒட்ட வேணும், அந்த இடைவெளிதான் பிணைச்சல் மாதிரி மடியிற இடம். செருப்புக்குப் போடுற கம்மை ரெண்டு பக்கமும் பூசி, விரல் வைச்சா ஒட்டாத அளவுக்கு காய விட்டுத்தான் அமத்த வேணும், அவசரப்பட்டா உள்ளுக்க குமிழி வரும். மேல்பக்கத்தோட ரெண்டு கரையையும் மூட வேணும் எண்டபடியால் மூலையள்ல பட்டியின்ர நுனியை 45 பாகையில சரிச்சு வெட்டி துணியை வெறுமனே விட்டன். மூலை மடிக்கத்தான் ஒரு முழுப் பின்னேரம் போச்சு, ஒவ்வொண்டா நகத்தால அழுத்தி, பிறகு மொத்தமா மடிச்சு ரெண்டு பலகைக்கு நடுவில கிளாம்ப் போட்டு விடியும் வரைக்கும் விட்டன்.

ரெண்டு முனைக்கும் 2 மில்லி அலுமினியத் தகடு, எம் 4 ஆணி. காந்தம் வைச்சா கழட்டிப் பூட்ட சுகம் எண்டு ஒருத்தர் சொன்னவர், வேண்டாம், இரும்புத் தூள் எல்லாம் அதிலதான் போய் ஒட்டும். நீலமா சுடச்சுட பறக்கிற தூள் துணியை ஓட்டையாக்கும், அதால மேல ஒரு சின்னத் தகடும் சரிச்சுப் போட்டன்.

இப்ப மூடினா தகட்டோட 28 மில்லிக்குள்ள நிக்குது. பூட்டி அஞ்சு மாசம், சிறுபோக வெட்டு நேரம் வைக்கல் தூசியும் சேந்து பறந்தது, போன ஞாயிறு கழட்டி துடைச்சுப் பாத்தன், பாதையில பழைய கீறல் அப்பிடியே கிடக்கு, புதுசா ஒண்டும் இல்லை. இடப்பக்க மூலை ஒண்டில மட்டும் துணி வெளிறத் தொடங்கியிருக்கு, அடுத்தது வெட்டுறதுக்கு பட்டியள் எடுத்து வைச்சிருக்கிறன்.