கீச்சா, கரகரவா?

புதுச்சேரியில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் எனக்கு வேலை. வண்டி விட வருகிறவர்களிடம் குறை கேட்டு ஜாப் கார்டில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் சத்தம் பற்றிய குறைக்கு ஒரே ஒரு வரிதான்: ‘வழக்கத்துக்கு மாறான சத்தம்’. அதை மட்டும் போட்டு அனுப்பினால் எங்கள் சீனியர் மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். “என்னா சத்தம்னு கேளு தம்பி” என்று திருப்பி அனுப்புவார்.

கேட்டால் ஜனங்கள் அழகாகச் சொல்கிறார்கள். அரியாங்குப்பத்திலிருந்து வரும் மீன்கார அம்மா, “பிரேக் புடிச்சா கீச்சுங்குது” என்றால் பெரும்பாலும் பிரேக் ஷூவில் தூசி சேர்ந்திருக்கும், கழற்றித் துடைத்தால் சரி. அதே பிரேக் ‘கரகர’ என்றால் ஷூ தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. அன்றைக்கே மாற்றியாக வேண்டும். ‘சடசட’ என்றால் செயின் தொய்ந்து கவரில் அடிக்கிறது. எழுத்து கொஞ்சம் மாறினால் பில்லும் மாறும்.

‘கரகர’, ‘சடசட’ போன்ற இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்தோம். ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். எங்கள் ஷெட்டில் அந்த விதி செல்லாது. பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில்பார் பக்கம் ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் முதலில் கோன் செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கைப் பார்ப்போம். ‘டொக் டொக்’ என்று வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்தால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. ஒரு தடவையா, பல தடவையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வண்டி ‘கடகடங்குது’ என்கிறோம். ‘கடகட என்கிறது’ என்பதுதான் பேச்சில் அப்படித் தேய்ந்தது. அதாவது வண்டியே வாய்விட்டுச் சொல்கிறது, வாடிக்கையாளர் சாட்சி மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், சத்தமே போடாத விஷயங்களுக்கும் நம்மிடம் சத்தம் இருக்கிறது. வாட்டர் வாஷ் முடிந்த வண்டி ‘பளபள’க்கிறது. பளபளப்பை எந்தக் காது கேட்டது? பேசாமல் இருப்பதற்குக்கூட ‘கம்முனு’ என்று ஒரு ஒலி வைத்திருக்கிறோம்.

இப்போது பேட்டரி ஸ்கூட்டர்கள் வேறு வர ஆரம்பித்துவிட்டன. எஞ்சின் இல்லை, அதன் வால்வுப் பக்கம் கேட்கும் டேப்பட் சத்தம் இல்லை. எங்கள் காதுக்குப் பாதி வேலை போய்விடும் என்று நினைத்தேன். போன வாரம் ஒருவர் தள்ளிக்கொண்டே வந்து, “ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு கம்முனு நின்னுடுச்சு” என்றார். அதை அப்படியே ஜாப் கார்டில் எழுதினேன். சீனியர் படித்துவிட்டு அவரிடமே கேட்டார்: “டிஸ்பிளே பளிச்சுனு எரிஞ்சுதா சார், இல்ல மினுக் மினுக்னு எரிஞ்சுதா?”