ஒரே வெள்ளம், ஆறு பேப்பர்

செமஸ்டர் முடியும் சமயத்தில் மாணவர்கள் கொண்டுவந்து வைக்கும் பேப்பர் கட்டிலிருந்து முதல் பக்கத்தை மட்டும் உருவிவிட்டால், எது செமினார் பேப்பர், எது கள அறிக்கை, எது ப்ராஜெக்ட் என்று பாடம் நடத்திய எனக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே முகம். தொடக்கத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பொன்மொழி, நடுவில் ஏழெட்டு உட்தலைப்பு, கடைசியில் "எனவே இயற்கையைக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை". பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பன்னிரண்டாவது வரைக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்றுதான் பழக்கினோம், மதிப்பெண்ணும் உட்தலைப்பைப் பார்த்துத்தான் போட்டோம். கல்லூரிக்கு வந்ததும் "லிட்டரேச்சர் ரிவ்யூ எழுதிட்டு வா" என்று ஒருவர், "அசைன்மென்ட் பத்து பக்கம் இருக்கணும்" என்று இன்னொருவர், "ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினாயா" என்று மூன்றாமவர். இவையெல்லாம் எதில் வேறுபடுகின்றன என்று உட்கார வைத்துச் சொன்னவர்கள் குறைவு.

என் கணக்கில் விஷயம் இதுதான். எழுதும் வகை மாறும்போது தலைப்புகளின் வரிசை மாறுவது சின்ன மாற்றம். படிப்பவர் மனசில் இருக்கும் கேள்வி மாறுகிறது, எதைக் காட்டினால் அவர் நம்புவார் என்பதும் கூடவே மாறுகிறது. பெரிய மாற்றம் அதுதான், அது பிடிபட்டால் தலைப்புகள் தானாக வந்து உட்காரும்.

எங்கள் துறையில் வருடா வருடம் தவறாமல் வரும் தலைப்பு ஒன்று உண்டு: 2015 சென்னை வெள்ளம். அதையே எடுத்துக்கொள்கிறேன். நவம்பர் முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை, அப்புறம் டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாக அரசுக் கணக்கு, அடையாற்றின் இரு கரையிலும் முதல் மாடி வரை தண்ணீர். இவ்வளவு தகவல் எல்லாருக்கும் கிடைக்கும். இதை வைத்து என்ன எழுதப் போகிறோம் என்பதில்தான் சிக்கலே.

ஒரு தரப்பை எடுத்து வாதிடும் கட்டுரை என்றால், யாராவது மறுத்துப் பேச இடமிருக்கிற ஒரு வாக்கியம் உங்களிடம் இருக்க வேண்டும். "2015 வெள்ளத்தால் மக்கள் பெரும் அவதிக்குள்ளாயினர்" என்பதை மறுக்க ஒருவரும் வரப்போவதில்லை, அதனால் அங்கே வாதமும் இல்லை. "அடையாற்றங்கரைச் சேதத்துக்கு மழையைவிட ஏரியைத் திறந்த விதமே முக்கியக் காரணம்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே சண்டைக்கு ஆள் வரும். உங்கள் பக்கத்துக்கு 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை இருக்கிறது, அதிலேயே இது மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்று சொல்லியிருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்துக்கு, இதுவரை காணாத மழை, ஏரிக்கரையின் பாதுகாப்பு என்று அரசு சொன்ன காரணங்கள் இருக்கின்றன. மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த எதிர்ப் பக்கத்தில்தான். "சிலர் இதை இயற்கைச் சீற்றம் என்பர், அது ஏற்புடையதன்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிராளியின் வலுவான காரணத்தை அவரே தலையாட்டும் அளவுக்கு எழுதிவிட்டு அப்புறம் பதில் சொன்னால்தான் படிப்பவருக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வரும்.

இலக்கிய மீளாய்வு, அதாவது எல்லாரும் லிட்டரேச்சர் ரிவ்யூ என்று சொல்வது, இதற்கு நேர் எதிர்த் திசை. இங்கே உங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை. இந்த விஷயத்தைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன கண்டுபிடித்தார்கள், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள், எதை ஒருவருமே தொடவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் படிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வருவதோ, இன்னார் 2016-இல் இப்படிக் கூறினார், இன்னார் 2017-இல் இப்படிக் கூறினார் என்று வருகைப் பதிவேடு போல ஒரு வரிசை. ஒவ்வொரு பத்தியும் ஒரு ஆளின் பெயரில் தொடங்கினாலே சந்தேகப்படுங்கள். கேள்வியின் பெயரில் தொடங்க வேண்டும். மழை ஏன் அவ்வளவு பெய்தது என்று ஆராய்ந்தவர்கள் ஒரு கட்சி, நீர்த்தேக்கங்களைக் கையாண்ட விதத்தைப் பார்த்தவர்கள் இன்னொரு கட்சி, பள்ளிக்கரணை மாதிரியான சதுப்பு நிலங்களும் ஏரிகளும் கட்டடங்களுக்கு அடியில் போன கதையைச் சொன்னவர்கள் மூன்றாவது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட விரைவு மதிப்பீட்டு அறிக்கை போன்ற சில, ஒன்றுக்கு மேற்பட்ட கட்சியில் கால் வைத்திருக்கும். அவற்றைத் தயங்காமல் இரண்டு இடத்திலும் கொண்டுவரலாம். ஒரே கட்டுரையை ஒரு தடவைதான் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் அப்படி ஒரு நம்பிக்கை எங்கிருந்தோ பிள்ளைகளிடம் ஊறியிருக்கிறது.

கள அறிக்கைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு முறை எங்கள் மாணவர்கள் சிலர் முடிச்சூர்ப் பக்கம் போய், வெள்ளம் நின்ற உயரத்தை வீடு வீடாக டேப் வைத்து அளந்து வந்தார்கள். அழகான அட்டவணை. "எங்கிருந்து அளந்தீர்கள்?" என்று கேட்டேன். சிலர் வீட்டுத் தரையிலிருந்து, சிலர் தெருவிலிருந்து. அந்தத் தெருவோ வெள்ளத்துக்குப் பிறகு மேலே மேலே தார் போட்டு உயர்ந்திருக்கிறது. சில வீட்டில் சுவரில் கறையே இல்லை, வெள்ளையடித்துவிட்டார்கள், வீட்டுக்காரர் "இதோ இதுவரைக்கும்" என்று மார்பைத் தொட்டுக் காட்டியதை அப்படியே சென்டிமீட்டராக எழுதியிருக்கிறார்கள். இதில் எதுவும் குற்றமில்லை. ஆனால் இதை எல்லாம் எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதினால் அது அறிக்கையே ஆகாது, ஏனென்றால் அதைப் படிப்பவரின் கேள்வி "நானும் போய் அளந்தால் இதே எண் வருமா?" என்பதுதான். கறையைப் பார்த்து அளந்தது எத்தனை, நினைவிலிருந்து சொன்னது எத்தனை, எந்த மட்டத்திலிருந்து அளந்தீர்கள், ஆள் இல்லாமல் பூட்டியிருந்த வீடுகளை என்ன செய்தீர்கள், எல்லாம் செய்முறையில் வர வேண்டும்.

இது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்றால் நம் லேப் ரெக்கார்ட் நோட்டுதான் காரணம் என்பேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பவை, முடிவு என்று வடிவம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. உப்புப் பகுப்பாய்வில் எந்த உப்பு என்று சீனியரிடம் கேட்டுக்கொண்டு வீழ்படிவின் நிறத்தை அதற்கேற்ப எழுதிப் பழகிய கை, களத்துக்கு வந்தாலும் "என்ன வரணும் மேடம்?" என்றுதான் கேட்கும். வருவது வரட்டும், அதை எழுது என்று சொன்னால் முகத்தில் ஒரு பயம்.

அந்தப் பயம் முழுசாகத் தெரிவது ஆய்வுக் கட்டுரையில். அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு அறைகள் எல்லாருக்கும் மனப்பாடம். 20-ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, 1980-களில் மருத்துவ இதழ்களில் கிட்டத்தட்ட இதுதான் ஒரே வடிவம் என்று ஆகிவிட்டது. முடிவுகள் வேறு, விவாதம் வேறு என்று ஏன் பிரித்தார்கள் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. கிடைத்தது என்ன என்று ஒரு இடத்தில் சும்மா வைத்துவிட்டு, அதற்கு நான் என்ன அர்த்தம் கொடுக்கிறேன் என்பதைத் தள்ளி வைத்தால், என் அர்த்தத்தை ஏற்காதவரும் என் எண்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அறிமுகத்துக்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் சொன்ன மூன்று அடி இன்றைக்கும் கைகொடுக்கும்: இது பேச வேண்டிய களம் என்று காட்டு, அதில் இன்னும் நிரப்பாத இடம் எது என்று காட்டு, அந்த இடத்தில் நீ போய் உட்கார். நம் பிள்ளைகள் முதல் அடியிலேயே ஐந்து பக்கம் நடப்பார்கள் ("நீர் இன்றி அமையாது உலகு" தொடங்கி), இரண்டாவது அடி வைக்கவே மாட்டார்கள்.

விடை வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சென்னை வெள்ளத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. புவி வெப்பமாதல்தான் இந்த மழைக்குக் காரணமா என்று ஒரு பன்னாட்டுக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது, 2016-இல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. அந்த நாளின் மழையில் வெப்பமாதலின் விளைவு எதையும் கண்டறிய முடியவில்லை என்பதுதான் முடிவு. எல்லாரும் எதிர்பார்த்த விடைக்கு மாறாக வந்ததை அப்படியே எழுதி, காற்றில் இருக்கும் தூசுத் துகள்கள் அந்த விளைவை மறைத்திருக்கலாம் என்பதை விவாதத்தில் வைத்தார்கள். "ரிசல்ட் வரலை மேடம், தலைப்பை மாத்திக்கலாமா" என்று வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

அனுபவக் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்எஸ்எஸ் முகாமுக்குப் போய் வந்ததையோ, நிவாரணப் பொருள் பிரித்துக் கொடுத்ததையோ எழுதும்போது "நான்" என்று எழுதுங்கள். "ஆய்வாளர் சோற்றுப் பொட்டலங்களை விநியோகித்தார்" என்று ஒரு பெண் எழுதி வந்தாள், பாவம், "நான்" கூடாது என்று வேறு யாரோ வேறு எதற்கோ சொன்னதை இங்கேயும் பிடித்துக்கொண்டாள். இங்கே படிப்பவர் கேட்பது, உனக்குள் என்ன மாறியது என்று. அதற்கு "நான்" இல்லாமல் பதில் கிடையாது.

கடைசியாக ஆய்வேடு, அதாவது தீசிஸ். இதில் மேலே சொன்ன பெரும்பாலானவை அத்தியாயங்களாக உள்ளே வந்துவிடும், அதனால்தான் குழப்பமும் அதிகம்: இரண்டாம் அத்தியாயத்தின் கேள்வி வேறு, நான்காம் அத்தியாயத்தின் கேள்வி வேறு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே குரலில் எழுதுவது. மாதிரி பார்க்க வேண்டுமென்றால் ஷோத்கங்காவுக்குப் போங்கள், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நடத்துவது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்லதும் இருக்கும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதும் இருக்கும், இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காப்பி அடிப்பதற்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் விதி கொண்டுவந்தது: 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது, அதற்கு மேல் பதிவே ரத்து. இதைக் கேட்டதும் எல்லாரும் செய்வது, மென்பொருள் காட்டும் சதவீதத்தைக் குறைக்க வார்த்தைகளை மாற்றிப் போடுவது. மேற்கோள் குறி போட்டு ஆளின் பெயரைச் சொல்லி எடுத்தது அந்தக் கணக்கில் சேராது என்று அதே விதியிலேயே இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை.

இதழில் வெளியிடுவது பற்றி ஒரு வார்த்தை. "மூன்று நாளில் பப்ளிகேஷன், சர்டிஃபிகேட் உண்டு" என்று வரும் செய்திகளை அழித்துவிடுங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்பார்கள், அது வெறும் அடையாள எண், தரத்துக்குச் சான்று இல்லை. பிஎச்டி சமர்ப்பிக்கும் முன் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்பதை யுஜிசியே 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் முறைகளும் இதே கதைதான், ஒவ்வொன்றும் ஒரு வகைப் படிப்பவரின் கேள்விக்குப் பதில். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் பெயரை ஒட்டியே வருடம் நிற்கும், உளவியல்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது அது பழைய ஆய்வா புதியதா என்பது. எம்எல்ஏ முறையில் (தொகுதிக்காரர் இல்லை) வருடத்துக்குப் பதில் பக்க எண், இலக்கியக்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பொறியியலின் ஐஇஇஇ வெறும் எண்ணைப் போட்டுவிட்டு நகரும். வரலாற்றுக்காரர்கள் ஆவணக் காப்பகக் கட்டின் எண்ணை எல்லாம் சொல்ல வேண்டியிருப்பதால் சிகாகோ முறையின் அடிக்குறிப்பை விரும்புகிறார்கள். 1929-இல் ஏழு பக்கமாக இருந்த ஏபிஏ விதி, 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது, அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மேற்கோள்களை ஒழுங்குபடுத்தித் தரும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏஐயிடம் கேட்டு மேற்கோள் பட்டியலை நிரப்பாதீர்கள். இருக்கிற ஆள், இருக்கிற இதழ், இல்லாத கட்டுரை என்று அது பொருத்தமாகப் புனைந்து கொடுத்துவிடும். ஒவ்வொரு வரியின் டிஓஐ (கட்டுரைக்கென்று இருக்கும் நிரந்தர இணைய அடையாளம்) இணைப்பையும் திறந்து பாருங்கள். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர்கள் பலர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான், தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மனித இயல்பு. எங்கள் துறையில் ஒரு மாணவரின் பட்டியலில் வந்த தேர்வாளரின் பெயரும் இருந்தது, அவர் எழுதவே எழுதாத ஒரு கட்டுரையோடு. "இது எப்பப்பா எழுதினேன்?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதன்பிறகு வெள்ளத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, பட்டியலை ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொண்டார்.