மறையூர் வெல்லத்தின் நிறம்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு பஸ்ஸில் ஏறினால் மறையூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்குள்ளும் அதைத் தாண்டியும் வெளிச்சம் இத்தனை விதமாக மாறும் வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அமராவதி அணைப் பக்கம் கண் கூசும் வெட்டவெளி. ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மழை மறைவுப் பகுதியான சின்னாறின் வறண்ட முள்காடு. மறையூரில் வேலியிட்டுக் காக்கும் சந்தனமரங்களின் பச்சை நிழல். இன்னும் மேலே போனால் தலையாறு, வாகுவரைத் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி. கேமராவில் ஒயிட் பேலன்ஸைத் தொட்டே பார்க்காதவர்கள் இந்த வழியில் ஒருமுறை போய்வர வேண்டும்.

வெள்ளை வேட்டி வெயிலிலும் நமக்கு வெள்ளைதான், குண்டு பல்பின் அடியிலும் வெள்ளைதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கண்ணும் மூளையும் சேர்ந்து கழித்துவிடுகின்றன. கேமராவின் சென்சார் அப்படிக் கழிப்பதில்லை. விழுந்ததை விழுந்தபடியே பதிந்துகொள்ளும். அதனால்தான் எது வெள்ளை என்று கேமராவுக்கு யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்வதுதான் ஒயிட் பேலன்ஸ். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள். மெழுகுவத்திச் சுடர் 1900 அளவில், குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை, நடுப்பகல் வெயில் 5500 அளவில், மேகமூட்டம் 6500 அளவில், நீலவானத்தின் கீழுள்ள நிழல் 7000-க்கும் மேலே. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகிறது. ஆனால் கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். நாம் சொல்வது வெளிச்சம் எப்படி இருக்கிறது என்பதை. கேமரா அதற்கு எதிர்ப்பக்கம் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

சின்னாறில் பெரிய வேலை இல்லை. ஒயிட் பேலன்ஸை வெயில் அமைப்பில் வைத்துவிட்டால் காய்ந்த புல்லின் மஞ்சள் அப்படியே கிடைக்கும். சந்தனக்காட்டு ஓரத்தில்தான் கவனம் வேண்டும். இலைகளில் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சை ஏறியது. மேயும் புள்ளிமானின் வெள்ளை வயிறு பாசி படிந்ததுபோல் பதிவாகும். கெல்வினை எவ்வளவு திருகினாலும் அது போகாது, ஏனென்றால் கெல்வின் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மட்டுமே ஓடுகிறது. பச்சையை எடுக்க மெஜந்தா பக்கம் நகர்த்தும் தனி அமைப்பு இருக்கிறது. மெனுவில் கொஞ்சம் உள்ளே தேட வேண்டும்.

நான் அதிக நேரம் இருந்தது மறையூரின் கரும்பு ஆலை ஒன்றில். அஞ்சுநாடு என்று சொல்லப்படும் இந்த மலையூர்களில் நாள் முழுக்கத் தமிழிலேயே பேசித் திரியலாம். பக்கங்கள் திறந்த கொட்டகை, நடுவில் பெரிய கொப்பரை, அடியில் காய்ந்த கரும்புச் சக்கை எரிகிறது. கொதிக்கும் பாகை மரத்தொட்டியில் கவிழ்த்துக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடிக்கிறார்கள். உள்ளங்கை ரேகை உருண்டையின் மேல் பதிந்திருப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வெல்லத்தின் அடையாளமே அதன் அடர்ந்த பழுப்புதான்.

முதலில், கேமராவே வெள்ளையைத் தீர்மானிக்கும் ‘ஆட்டோ’ அமைப்பில் எடுத்த படத்தை உருண்டை பிடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். படச்சட்டம் முழுக்க வெல்லம் நிறைந்திருந்தது.

"தம்பி, இது எங்கள் வெல்லம் இல்லை. சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இந்த நிறத்தைப் பார்த்தால் வியாபாரி பழைய சரக்கு என்பான்" என்றார்.

அவர் சொன்னதில் எள்ளளவும் பிழையில்லை. சட்டம் முழுவதும் பழுப்பாக இருந்தால் ஆட்டோ அதைப் பொருளின் நிறமாகப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தின் குறையாக நினைத்து நீலத்தைக் கலந்து ‘சரிசெய்கிறது’. நிறமே பிழைப்பாக இருக்கும் இடத்தில் அதை ஏற்க முடியாது.

பையிலிருந்த, எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் நிற அட்டையை உருண்டைகளின் மேலேயே வைத்தேன். வெல்லத்தில் விழும் வெளிச்சம் அட்டையிலும் விழ வேண்டும். தள்ளி வைத்தால் பயனில்லை. அட்டையைச் சட்டம் நிரம்ப எடுத்து, மெனுவில் அந்தப் படத்தையே அளவுகோலாகத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைத் தாள் போதாதா என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு ஆகும். ஆனால் பல தாள்களில் பளிச்சென்று தெரியச் சேர்க்கும் பொருள் நீலம் காட்டும், அளவு பிசகும். அடுத்த படத்தில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவிலுள்ள அந்தப் பழுப்பு வந்துவிட்டது.

அடுப்புக்கு மட்டும் அட்டை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சக்கைத் தீயை வெள்ளைக்கு இழுத்தால் தழல் வெளிறி, கொட்டகையின் திறந்த பக்கம் முழுக்க நீலமாகிவிடும். வெயில் அமைப்பில் விட்டுவிடுங்கள், தீ தீயின் நிறத்தில் இருக்கட்டும். தேயிலைச் சரிவின் பனிக்கும் அதையே சொல்வேன். நிழல் அமைப்பில் பனி மஞ்சளடித்துப் போகிறது. மேலே உறைக்கும் குளிர் படத்தில் காணாமல் போய்விடும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இதையெல்லாம் வீட்டில் வந்து மாற்றலாமே என்பார்கள். மாற்றலாம். கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படத்தில் நிறம் ஏற்கெனவே ஊறிவிடுகிறது, ராவில் அப்படியில்லை. அதனால் நானும் ராவில்தான் எடுக்கிறேன். ஆனால் வெல்லத்தின் சரியான நிறத்தைச் சொல்லக்கூடிய மனிதர் என் வீட்டில் இல்லை, அந்தக் கொட்டகையில்தான் இருந்தார். அட்டை வைத்தது அதற்காகவே.

பெரியவர் கேட்டபடி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருடைய போனில் அது மறுபடி மஞ்சளாகத் தெரிந்தது. கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை வீட்டுப் பிள்ளைகள் போட்டு வைத்திருந்தார்கள். அதை அணைத்துக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த உருண்டை ஒன்றை எடுத்துத் திரையோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, உடுமலையிலுள்ள தன் வியாபாரிக்கு அதை அப்போதே அனுப்பிவிட்டார்.