ஓர் எழுத்துக்காக ஆறு மாதம்

நான் தூத்துக்குடிக்காரன். சட்டம் படித்து முடித்ததும் குஜராத்தில் வேராவலில், மீனவர்களுக்கு உதவும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஊர் புதிது, மொழி புதிது, கருவாட்டு வாசனை மட்டும் பழையது.

பாகிஸ்தானிடம் பிடிபட்ட மீனவர்களின் வீடுகளுக்குப் போய், ரேஷன் அட்டை, ஆதார், படகின் பதிவுத் தாள் எல்லாவற்றையும் நகலெடுத்து, ‘இவர் இந்தியர்தான்’ என்று உறுதி செய்வதற்கான படிவத்தை நிரப்புவது என் வேலை. ஊனா, கோடினார், டையூ பக்கத்து வணாக்பாரா என்று பேருந்து மாறி மாறி அலைவேன்.

குஜராத்துக்கும் சிந்து மாகாணத்துக்கும் நடுவே சர் க்ரீக் என்று சுமார் 96 கிலோமீட்டர் நீளக் கழிமுகம் இருக்கிறது. அது யாருக்கு எதுவரை என்பதில் இரு நாடுகளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதனால் அங்கிருந்து கடலுக்குள் போகும் எல்லையும் முடிவாகவில்லை. கரையோரம் மீன் குறைந்துவிட்டது, வடக்கே போனால்தான் டீசல் காசாவது தேறும் என்பார்கள் தண்டேல்கள். படகோட்டியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிடிபட்டால் கராச்சியின் மாலிர் சிறை. படகும் போய்விடும். அந்தப் பக்கத்து இப்ராஹிம் ஹைதரி, தட்டா, பதீன் ஊர்களின் மீனவர்கள் இதேபோல நம்மிடம் பிடிபட்டு குஜராத்தில் அடைபடுகிறார்கள். நம் ராமேசுவரத்துக்காரர்கள் இலங்கையில் சிக்குவதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் தண்டனைக்காலம் முடிந்தும் ஒருவர் வருடக்கணக்கில் உள்ளேயே கிடப்பார் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

2008-இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். குடியுரிமை உறுதியாகி, தண்டனையும் முடிந்தால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். சிக்கலே அந்த ‘உறுதியாகி’ என்ற சொல்லில்தான். குஜராத்திகள் பெயரோடு பாய் சேர்த்துச் சொல்வார்கள். இங்கே ராமாபாய் என்று இருப்பவர் அங்கே உருதுவில் பதிவாகும்போது ராமா ஆவார், அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ராம் ஆவார். உருது எழுத்தில் குறில்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இதே பாடுதான்.

இதைச் சரிபார்க்க எனக்கு உதவியவர் கராச்சியில் இருக்கும் ஒரு வக்கீல். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வாட்ஸப்பில் இந்தியில் நான் பேசுவேன், உருதுவில் அவர் பேசுவார், இரண்டும் ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரியும். “பாய் சாப், உங்கள் ஆளை நான் பார்க்கிறேன், எங்கள் பையனை நீங்கள் பாருங்கள்” என்பார். கட்ச்சில் பிடிபட்ட இப்ராஹிம் ஹைதரிப் பையன்களின் பெயர்களை அவர் அனுப்புவார், நான் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பேன். எங்களுக்கு முன்பே பெரியவர்கள் இந்தப் பாதையைப் போட்டிருந்தார்கள். 1994-இல் தொடங்கிய பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றத்தில் அட்மிரல் ராமதாஸ் இருந்தார். 1971 போரில் போர்க்கப்பலை நடத்தியவர், பிறகு நம் கடற்படைக்கே தலைவரானவர். 2004-இல் பாகிஸ்தானின் மனித உரிமைப் போராளி ஐ. ஏ. ரஹ்மானோடு சேர்ந்து மகசேசே விருது பெற்றார். போரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த மனிதர் சமாதானத்துக்கு நின்றார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

அப்புறம் என் தவறு. ஊனா பக்கத்தில், மாலிரில் இருந்த ஒரு மீனவரின் வீட்டுக்குப் போனேன். ரேஷன் அட்டையில் அவர் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. நான் ரேஷன் அட்டையைப் பார்த்து எழுதினேன். அவர் அங்கே சொல்லியிருந்தது ஆதாரில் உள்ளபடி. பொருந்தவில்லை என்று தாள் திரும்பியது. 2023 மே மாதம் ஏறக்குறைய 200 பேர் வாகா எல்லை வழியாக வந்தார்கள். அவர் வரவில்லை. ரயிலில் வடோதரா வந்து, அங்கிருந்து பேருந்தில் வேராவலில் இறங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர் அம்மா. கடைசி ஆளும் இறங்கியதும் என் பக்கம் திரும்பி, “திக்ரா, இன்னொரு பஸ் இருக்கா?” என்றார். திக்ரா என்றால் மகனே என்று அர்த்தம். என்னால்தான் என்று அன்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, வீட்டுக்குள் போய் ஆதாரின் இன்னொரு நகலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

அன்றிரவே கராச்சிக்குப் பேசினேன். வக்கீல் மறுநாளே மாலிர் போய், அந்த மீனவரிடமே அப்பா பெயரை எழுதி வாங்கி, படம் எடுத்து அனுப்பினார். தீபாவளிக்கு முன் விடுதலையான 80 பேரில் அவரும் வந்துசேர்ந்தார். அதற்குப் பிறகு எந்தப் படிவத்தையும், ஆவணம் ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்தைத் தனித்தனியாகக் குறிக்காமல் நான் அனுப்பியதில்லை.

இப்போது தூத்துக்குடி நீதிமன்றத்தில் தொழில் பார்க்கிறேன். 2025 ஏப்ரலில் வாகாவுக்கு நம் பக்கம் இருக்கும் அட்டாரி எல்லை வாசலை மூடினார்கள், விசாவும் நின்றது, மே மாதம் சண்டையே மூண்டது. ஆனால் ஜூலை 1 அன்று பட்டியல் கைமாறியது. அவர்களிடம் நம் மீனவர்கள் 193 பேர், நம்மிடம் அவர்களுடையவர்கள் 81 பேர். அன்று சாயங்காலம் கராச்சியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு பையனின் பெயர், அப்பா பெயர், ஊர் இப்ராஹிம் ஹைதரி. மூன்றையும் இரண்டு விதமாக எழுதியிருந்தார். கீழே, “எந்தச் சிறை என்று கேட்டுச் சொல்ல முடியுமா, பாய் சாப்?”

வேராவல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.