சுரப்பிகள் கெடவில்லை

ஜூன் 2
எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்சியா நோய் உள்ளவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் பல ஹார்மோன்கள் ஒரே சமயத்தில் தாறுமாறாக இருக்கும். எல்லாச் சுரப்பியும் ஒன்றாகக் கெட்டுவிட்டதோ என்று குடும்பம் பதறுகிறது. கெடவில்லை. வரவு நின்ற வீடு அவசரமில்லாத செலவை முதலில் நிறுத்துவதுபோல, ஹார்மோன்களை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதாலமஸ் இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் தள்ளிப்போடுகிறது.

ஜூன் 4
கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின்தான் கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது. சாப்பாடு வெகுவாகக் குறைந்தால், எடை பெரிதாக இறங்குமுன்பே, சில நாட்களில் லெப்டின் சரிந்துவிடும். உடனே ஹைபோதாலமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனின் துடிப்புகள் மந்தமாகும், மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் குறையும், கருமுட்டை முதிராது, ஈஸ்ட்ரோஜன் இறங்கும், மாதவிடாய் நிற்கும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது.

பார்வைக்கு ஒல்லியாக இல்லாதவருக்கும் இந்த ஹார்மோன் சரிவு வரும். மாதவிடாய் ஒழுங்காக வருபவருக்கும் அனோரெக்சியா இருக்கலாம். 2013இல் வந்த, மனநோய்களைக் கண்டறிய உதவும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது.

ஜூன் 5
தைராய்டு. அது சுரக்கும் டி4 ஹார்மோன் வழக்கம்போல வீரியமான டி3 ஆக மாறாமல், செயலற்ற ரிவர்ஸ் டி3 பக்கம் போகிறது. தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மெதுவான நாடித்துடிப்பு எல்லாம் தைராய்டு குறைபாடு போலவே தெரியும். இதற்காகத் தைராக்சின் (டி4) மாத்திரை தரக்கூடாது. தந்தால் தசை கரையும், ஏற்கெனவே மெலிந்த இதயத்துக்குச் சுமை ஏறும். உணவு சீரானால் டி3 தானாக ஏறும்.

ஜூன் 9
எனக்கு மிகவும் கவலை தருவது எலும்பு. மற்ற ஹார்மோன் மாற்றங்கள் பெரும்பாலும் திரும்பிவிடும். வளரும் வயதில் சேராமல் போன எலும்பு முழுதாகத் திரும்புவதில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் எலும்பு அதிகம் கரைகிறது. வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாகவே இருந்தாலும் கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் கல்லீரல் சுரக்கும், எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 குறைந்து, புதிய எலும்பு உருவாவது தளர்கிறது. உடல் நெருக்கடியில் கூடும் ஹார்மோனான கார்டிசால் ஏறி இரண்டையும் மோசமாக்குகிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மாதவிடாய் வரவழைக்கக் கருத்தடை மாத்திரை தருவது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் ஐஜிஎஃப்-1ஐ இன்னும் குறைக்கும்; எலும்பு அடர்த்தி கூடாது. மாதாமாதம் வரும் ரத்தப்போக்கோ எல்லாம் சரியாகிவிட்டது என்ற பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) பட்டை, அதனுடன் சுழற்சியாகப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து என்ற முறை பதின்வயதுப் பெண்களின் எலும்பு அடர்த்திக்கு உதவியதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவும் எடை மீட்புக்கு மாற்றல்ல. மாதவிடாய் ஆறு மாதம் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள்.

ஜூன் 10
அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு அதை வெளியேற்ற முயலும் புலிமியா நோயில் அடிக்கடி வாந்தி எடுப்பதால் உடலில் நீர் குறைந்து, உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் ஏறும். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். வாந்தியை நிறுத்திய பிறகும் ஆல்டோஸ்டிரோன் கொஞ்ச நாள் உயர்ந்தே இருப்பதால் கால், முகம் வீங்கும். அது உப்பும் நீரும், கொழுப்பு அல்ல. இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது மிக முக்கியம். சொல்லாவிட்டால் வீக்கத்தைக் கண்டு பயந்து பழைய வழிக்கே போய்விடுகிறார்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டால் சிக்கல் கூடும்.

ஜூன் 14
நீண்ட நாள் பட்டினிக்குப் பின் உணவு திரும்பும்போது இன்சுலின் எழும்புகிறது. பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் பாயும். பாஸ்பேட் சரிந்தால் இதயமும் சுவாசத் தசையும் தளரும். ஆகவே கடுமையாக மெலிந்தவருக்கு உணவைத் திரும்பத் தொடங்குவது மருத்துவக் கண்காணிப்பில்தான் நடக்கவேண்டும்: முதலில் தயாமின் (வைட்டமின் பி1), முதல் வாரம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, உணவு படிப்படியாக. முதல் வகை நீரிழிவு உள்ளவர் எடைக்காக இன்சுலினைத் தவிர்த்தால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரும். அது உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை.

ஜூன் 16
எடை மீண்டதும் மாதவிடாய் பலருக்கு ஆறு மாதத்துக்குள் வருகிறது, சிலருக்கு இன்னும் தாமதமாகிறது. முதல் ரத்தப்போக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். மாதவிடாய் வரவில்லை, ஆகவே கர்ப்பம் தரிக்காது என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.