சிவப்பு மை பழுப்பான வாரம்

இடது கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் உள்ளே கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வலி. அதுதான் தொடக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான், வயது 31. கண் அசதி என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்வையின் நடுவில் புகை படர்ந்தது. கண்ணாடிக் கடையில் பவர் கூடியிருக்கிறது என்றார்கள். புதுக் கண்ணாடிக்குப் பணமும் கட்டினேன்.

அன்று இரவு பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போது தற்செயலாக வலது கண்ணை மூடினேன். நான் போட்ட சிவப்பு மைக் குறியெல்லாம் பழைய செங்கல் நிறம்! கையை எடுத்தால் பளிச்சென்ற சிவப்பு. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். "கண்ணாடி கலரையா மாத்தும்? காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்மா" என்றார் அம்மா.

அங்கே டாக்டர் முதலில் ஒரு சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியைக் காட்டி, இரண்டு கண்ணிலும் ஒரே சிவப்பா என்று கேட்டார். பிறகு டார்ச்சை இரு கண்களுக்கும் மாறி மாறி அடித்தார். கூட வந்த அண்ணன்தான் அதைப் பார்த்தார்: வெளிச்சம் இடது கண்ணுக்கு வரும்போது சுருங்க வேண்டிய கண்பாப்பா விரிந்ததாம். ஆனால் கண்ணுக்குள்ளே பார்த்தால் பார்வை நரம்பின் முனை நன்றாகவே இருந்தது. அழற்சி கண்ணுக்குப் பின்னால் இருந்தால் அப்படித்தான், மூன்றில் இரண்டு பேருக்கு இதே கதை என்றார் டாக்டர். ஆப்டிக் நியூரைட்டிஸ், பார்வை நரம்பு அழற்சி.

சாய மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மூளைக்கும் சேர்த்து. மூளையில் தழும்புகள் இருந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) வரும் வாய்ப்பு கூடுமாம். எனக்கு நரம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தத்தில் அக்வாபோரின்-4, மாக் எதிர்ப்பொருள்கள் (உடல் தன்னையே தாக்கும்போது உருவாகிறவை), சிஃபிலிஸ், காசநோய்ச் சோதனை எல்லாம். அக்வாபோரின் முடிவுக்குக் காத்திருந்த நாள்கள்தான் கொடுமை; ஆசியர்களிடம் அந்த எதிர்ப்பொருளால் வரும் அழற்சி வகை கூடுதல், சிகிச்சையும் வேறு. இல்லை என்று வந்தபோது நடைபாதையிலேயே அழுதுவிட்டேன்.

மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, நாளுக்கு ஒரு கிராம், ரத்தக் குழாய் வழியாக. வாயெல்லாம் இரும்பு ருசி, இரவு முழுக்கத் தூக்கமில்லை. பிறகு 11 நாள் ஸ்டீராய்டு மாத்திரை. முதலிலேயே மாத்திரை மட்டும் தந்தால் போதாதா என்று கேட்டேன். 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான அளவு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு அழற்சி திரும்ப வருவது கூடுதலாக இருந்தது என்றார் டாக்டர்.

கண்ணை அசைத்தால் வலி, ஒரு கண்ணில் நிறம் மங்கல், இரண்டும் சேர்ந்தால் தயவுசெய்து கண்ணாடிக் கடையோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

இப்போது எழுத்துகள் திரும்பிவிட்டன. வெயிலில் திடலைச் சுற்றிவந்தால் மட்டும் இடது கண் சற்று மங்குகிறது, குளிர்ந்ததும் தெளிகிறது. சிவப்பு இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது.