மெஸ்காலுக்கு எதற்கு இனிப்பு?

மெஸ்கால் என்பது அகாவே என்ற கற்றாழை மாதிரியான செடியிலிருந்து மெக்சிகோவில் வடிக்கும், புகை வாசனை உள்ள மது. இங்கே லாஸ் ஏஞ்சலஸில் எந்த பாருக்குப் போனாலும் மெஸ்கால் காக்டெயில் என்று கேட்டால் பைனாப்பிள், மாம்பழம், பாஷன் ஃப்ரூட் என்று ஏதாவது ஒரு பழச்சாற்றில் முக்கித்தான் தருகிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. புகை வாசனை உள்ள பொருள் உப்பு, புளிப்பு, காரத்தோடுதான் சேரும் என்பது என் கட்சி. சுட்ட கத்தரிக்காயில் யாராவது சர்க்கரை போடுவார்களா?

அதனால் வீட்டில் நான் செய்வது தக்காளித் தண்ணீர் ஊற்றிய மெஸ்கால். மது அருந்தாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் அந்தத் தக்காளித் தண்ணீரை மட்டுமாவது ஒருமுறை செய்து பாருங்கள்.

முதலில் புகை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மூடிக்குள் புகையை அடைத்து மேஜையில் திறந்து காட்டும் வித்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெக்சிகோவில், முக்கியமாக வஹாக்கா மாநிலத்தில், முற்றிய அகாவேயின் இலைகளைச் சீவி எறிந்துவிட்டு கிழங்கு போலிருக்கும் நடுத்தண்டை மட்டும் எடுக்கிறார்கள். பார்க்க ராட்சத அன்னாசி போலிருக்கும் என்பதால் பெயரே பின்யா, ஸ்பானிஷில் அன்னாசி. மண்ணில் குழி வெட்டி, விறகு எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் பின்யாக்களை அடுக்கி மண் போட்டு மூடிவிடுவார்கள். சில நாள் கழித்துத் திறந்தால் கிழங்கு பழுப்பாக, இனிப்பாக, புகையேறி இருக்கும். அப்புறம் கல்லில் நசுக்கி, மரத்தொட்டியில் நொதிக்கவிட்டு, இரண்டு முறை வடிக்கிறார்கள். மெக்சிகோவின் இன்னொரு மதுவான டெக்கீலாவும் அகாவேயில்தான் ஆகிறது. ஆனால் அங்கே கிழங்கைப் பெரும்பாலும் ஆவியில் வேகவைப்பதால் புகை இல்லை. நம் ஊரில் வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையும் அகாவே இனம்தான், சோற்றுக்கற்றாழை வேறு.

பாட்டில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். எந்த அகாவே, எந்த ஊர், வடித்தவர் பெயர், எத்தனை சதவீதம் ஆல்கஹால் எல்லாம் நல்ல பாட்டிலில் இருக்கும். கலப்பதற்கு எஸ்படீன் வகை போதும். அது பயிரிடப்படுவது, விலையும் கட்டுப்படியாகும். தோபலா மாதிரிக் காட்டு வகைகள் முற்றப் பத்து வருடத்துக்கு மேல்கூட ஆகும். ஒரே ஒருமுறை பூத்துச் செத்துப்போகும் செடி அது. அதைப் போய்த் தக்காளியில் ஊற்ற எனக்கு மனசு வராது. 45 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்குகிறேன். தண்ணீர் சேர்ந்ததும் மெலிந்துபோகக் கூடாது. வீட்டுக்கு வருபவர் சைவம் என்றால் பெச்சுகா என்று போட்ட பாட்டிலைத் தொடாதீர்கள். கடைசியாக வடிக்கும்போது பாத்திரத்துக்குள் கோழி நெஞ்சுக்கறியைத் தொங்கவிட்டுச் செய்வது அது.

சரி, தக்காளித் தண்ணீர். நன்றாகப் பழுத்த தக்காளி 750 கிராம், ஒரு டீஸ்பூன் உப்பு, நாலைந்து கொத்தமல்லித் தண்டு. மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்றுதான். கூழாக அரைத்தால் துணி அடைத்துக்கொள்ளும். பழைய மல்லு வேட்டித் துண்டில் கொட்டி மூட்டை கட்டி, ஆழமான பாத்திரத்துக்கு மேல் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிழியக் கூடாது. கை பரபரக்கும், அப்படியும் பிழியக் கூடாது. பிழிந்தால் சிவப்பும் சக்கையும் இறங்கிக் கலங்கிவிடும். தானாகச் சொட்டினால் காலையில் ஒன்றரை டம்ளர் போல, வெளிர் மஞ்சளில், அடிப்பாத்திரம் தெரியும் தெளிவோடு நிற்கும். கண்ணுக்குத் தக்காளி என்றே தெரியாது. வாயில் வைத்தால் முழுத் தக்காளி. துணியில் மிஞ்சியதைத் தொக்குக்குப் போடுங்கள், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மறக்காமல்.

ஒருவருக்கு 45 மில்லி மெஸ்கால், 75 மில்லி தக்காளித் தண்ணீர், 10 மில்லி எலுமிச்சைச் சாறு. ஒரு பச்சைமிளகாயை அடுப்புத் தணலில் தோல் கருகும்வரை சுட்டுக் கீறி உள்ளே போட்டு, பெரிய ஐஸ் கட்டிகளோடு கரண்டிக்காம்பால் கிளறுங்கள். குலுக்க வேண்டாம், ஐஸ் உடைந்து நீர்த்துப்போகும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் வியர்த்ததும் ருசி பாருங்கள். காரம் போதுமென்றால் மிளகாயை எடுத்துவிட்டு வடிகட்டலாம். தக்காளி குளிர்காலத்து வெளிறிய ரகம் என்றால் மட்டும் அகாவே சிரப் அரை டீஸ்பூன் விடுகிறேன். இனிப்பு வேண்டாம் என்று இவ்வளவு பேசிவிட்டு இது என்ன என்று கேட்காதீர்கள், இது புளிப்பின் முனையை மழுக்க மட்டும்.

வஹாக்காவில் ஆரஞ்சுத் துண்டில் தடவித் தருகிற ஒரு உப்பு உண்டு. அகாவேயில் வாழும் புழுவை உலர்த்தி, காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்து அரைப்பது. எனக்குப் பிடிக்கும், என் வீட்டுக்காரர் கிட்டேயே வரமாட்டார். அவருக்காக வறுத்த மிளகாயும் கல்லுப்பும் பொடித்து, டம்ளர் விளிம்பில் பாதிக்கு மட்டும் ஒட்டவைக்கிறேன். மறுபாதி சும்மா இருக்கட்டும். தக்காளித் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் வஹாக்கா அம்மாவிடம் ஒரு டம்ளர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு அந்தப் பாட்டிலை இப்படிக் கொடு" என்று சின்னக் கிண்ணத்தில் வெறும் மெஸ்காலை ஊற்றிக்கொண்டார். அவர்கள் ஊர்ப் பழக்கம் அதுதான், உதட்டை நனைக்கிற அளவு சின்னச் சின்ன மிடறாக.

தொட்டுக்கொள்ளப் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வறுத்த வேர்க்கடலை நன்றாகப் போகும். மீந்த தக்காளித் தண்ணீர் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் வாசனை போய்விடும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் அடுத்த வாரத்துக்கு ஆகும்.